போய்ப்பார் என்னும் செயற்கூறு

மொத்தம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பெயர்கள். அவற்றுள் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தைந்து பெயர்களுக்குத் தெருவும் கதவிலக்கமும் கிடைத்துவிட்டன. ஒன்றுக்கு மட்டும் முகவரி இல்லை.

இதைச் சற்று விளக்கமாகச் சொல்லிவிடுவது நலம். பெரிய கணினி நிரல் ஒன்றில் வேலைகள் சிறுசிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தக் கூற்றைச் செயற்கூறு என்பர்; ஆங்கிலத்தில் ஃபங்ஷன். பெயரைச் சொல்லி எங்கிருந்தும் அதைக் கூப்பிடலாம். ஆனால் கூப்பிட்டவுடன் அது என்ன செய்ய வேண்டும் என்பது ஒரே ஓர் இடத்தில்தான் எழுதப்பட்டிருக்கும். அந்த இடமே வரையறை. கூப்பிடும் இடங்கள் நூறு இருக்கலாம்; வரையறை ஒன்றே ஒன்று.

அந்த ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய தொழில். பதினோரு லட்சம் வரிகள் கொண்ட பழைய மருத்துவமனை நிரல் ஒன்றைப் புதிய இயந்திரத்துக்கு மாற்றும் பணியில் அவளுடைய அலுவலகம் ஈடுபட்டிருந்தது. ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் பெயர், கோப்பு, வரி எண், பொறுப்பாளர் என நான்கு கட்டங்களை நிரப்பிப் பட்டியல் தயாரிக்கும் வேலை அவளிடம் வந்து சேர்ந்திருந்தது. நாற்பத்து மூன்று வயது; குள்ளமான உருவம். நாற்காலியில் அமர்ந்தால் பாதம் தரையைத் தொடாது என்பதால் மேசைக்கு அடியில் ஒரு மரப்பலகையைப் போட்டு அதன்மேல் கால் வைத்துக்கொள்வாள். எந்தப் பெயரைக் கொடுத்தாலும் அதன் பிறப்பிடத்தைத் தோண்டி எடுத்துவிடுவதால் அலுவலகத்தில் அவளுக்குத் 'துப்பு' என்று பட்டப்பெயர் இட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை, கடைசிப் பெயருக்கு எதிரே மூன்று கட்டங்கள் வெறுமையாக நின்றன. பெயர் 'போய்ப்பார்'. மற்றவை யாவும் ஆங்கிலப் பெயர்களாக இருக்க, இது ஒன்று மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட தமிழ்ச்சொல். பதினேழு இடங்களில் அதைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு படுக்கையின் எண்ணைக் கொடுத்தால் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று விடை வரும். 'ஆம்' என்றால் நான்காவது வார்டில் செவிலியர் மேசையின்மேல் உள்ள மணி அடிக்கும். அந்தப் படுக்கையின் எண் விளக்கில் தெரியும். அவ்வளவுதான். ஆனால் அந்த 'ஆம்' எங்கே முடிவாகிறது என்பதைத்தான் காணோம்.

அவள் சல்லடை போட்டுச் சலித்தாள். பெயரை முழுதாகத் தேடினாள். பாதியாக ஒடித்துத் தேடினாள். எழுத்துப் பிழையோடு எழுதியிருப்பார்களோ என்று ஏழெட்டு விதமாக மாற்றித் தேடினாள். வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்த தொகுப்புகளையும், யாரும் பத்தாண்டுகளாகத் திறக்காத பழைய கோப்புறைகளையும் விட்டுவைக்கவில்லை. பதினேழு அழைப்புகள் மட்டுமே மீண்டும் மீண்டும் வந்து நின்றன.

"என்னம்மா துப்பு, மூஞ்சி இஞ்சி தின்ன மாதிரி இருக்கு?" என்று கேட்டபடி கம்பிக்காரர் வந்து நின்றார். அலுவலகத்தின் வலையமைப்பு முழுவதும் அவர் கையில். தோளில் எப்போதும் ஒரு சுருள் கம்பி கிடக்கும்.

"ஒரு ஃபங்ஷன் கிடைக்கலண்ணா. கூப்பிடுறாங்க, பதில் வருது. ஆனா எழுதின இடமே இல்ல."

"அப்பா பேரு தெரியாத பிள்ளையா?"

"சிரிக்காதீங்க. நாலாவது வார்டு மணி அதுலதான் அடிக்குது."

கம்பிக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த வார்டில் பத்தொன்பதாம் படுக்கையில் யார் படுத்திருக்கிறார் என்பது அலுவலகம் முழுவதற்கும் தெரியும். அவளுடைய ஒரே தங்கை. இதயத்தில் தொற்று ஏற்பட்டு அங்கே சேர்க்கப்பட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

மேலாளர் தம் இடத்தில் இருந்தபடியே தீர்ப்புச் சொன்னார். "வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்குப் பழைய மெஷின ஆஃப் பண்றோம். டெஃபினிஷன் இல்லாதது எதுவும் புதுசுல ஏறாது. வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாருங்க, இல்லேன்னா தூக்கிடுங்க."

"சார், மணி அடிக்கிறது நின்னுடும்."

"ரீடிங் தப்பினா வேற அலாரம் இருக்கே? ரெண்டு எதுக்கு? ஒரு வேலைக்கு ஒரு ஆள் போதும்மா."

அவள் தன் இடத்துக்குத் திரும்பிப் பழைய பதிவேட்டைத் திறந்தாள். மணி அடித்த நேரம் ஒவ்வொன்றும் அதில் பதிவாகியிருந்தது. கடந்த செவ்வாய், பிற்பகல் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம்: பத்தொன்பதாம் படுக்கை. மணியை அடித்தது போய்ப்பார். அந்த நொடியில் தங்கையின் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு எல்லாம் பிசகின்றிச் சீராக இருந்தன. செவிலியர் ஓடிவந்து நின்ற மூன்றாவது நிமிடத்தில்தான் இதயம் நின்றது. பக்கத்திலேயே ஆட்கள் இருந்ததால் பிழைத்தாள். மற்றோர் அபாயமணி அடித்தபோது எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

அவள் பின்னோக்கிப் படித்தாள். நானூற்றுச் சொச்சம் மணிகள். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ முந்தி அடித்திருந்தது. ஒன்றுகூடப் பொய்த்ததாகத் தெரியவில்லை. எண்களைப் பார்க்காமல் முடிவு சொல்லும் ஒரு செயற்கூறு வேறு எதைத்தான் பார்க்கிறது?

அன்று மாலை அவள் தங்கையைப் பார்க்கப் போனாள். அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் மருத்துவமனை. நான்காவது வார்டு நீளமான ஒரு கூடம். ஒருபுறம் ஒன்று முதல் பன்னிரண்டு. எதிர்ப்புறம் பதின்மூன்று முதல் இருபத்து நான்கு. முனையில் செவிலியர் மேசை.

"வாங்க மேடம். நாற்காலியில ஏறி உக்கார ஏணி வேணுமா?" என்றாள் தங்கை. உடம்பு துரும்பாக இளைத்திருந்தும் வாய் மட்டும் இளைக்கவில்லை.

"வாய அடக்கு. போன வாரம் மணி அடிச்சுதே, அதுக்கு முன்னாடி உனக்கு ஏதாவது பண்ணுச்சா?"

"ஒண்ணும் பண்ணல. யாரோ வந்து பார்த்துட்டுப் போனாங்க, அப்புறம் மணி அடிச்சுது."

"யாரு வந்தா?"

"கண்ண மூடிட்டு இருந்தேன்க்கா. செருப்பத் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்குற சத்தம் கேக்கும். வந்து கால்மாட்டுல நிப்பாரு. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிடுவாரு. மணிக்கு ஒரு தடவ வருவாரு, ட்யூட்டி டாக்டர்னு நெனச்சேன். கண்ணத் திறந்து பார்த்தா எப்பவும் போயிருப்பாரு. வேகமான ஆளு."

பதிவேட்டில் ஒவ்வொரு படுக்கைக்கும் மணிக்கு ஒருமுறை போய்ப்பார் கூப்பிடப்பட்டிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. அதைத் தங்கையிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் வேறு வழியை மேற்கொண்டாள். தேடிக் கிடைக்காத வரையறையைப் பின்தொடர்ந்து பிடிக்கலாம். நிரலை ஓடவிட்டு, கூப்பிடும் வரியில் நிறுத்தி, அங்கிருந்து ஓரடி உள்ளே எடுத்துவைத்தால், அது எந்தக் கோப்பில் இருந்தாலும் திரை அங்கே போய் நின்றே தீர வேண்டும். இருபது ஆண்டு அனுபவத்தில் இந்த முறை அவளை ஒருநாளும் கைவிட்டதில்லை. தன் கணினியில் இருந்த சோதனைப் பிரதியைப் படுக்கை எண் ஒன்று என்று கொடுத்து ஓடவிட்டாள். நிறுத்தினாள். ஓரடி உள்ளே வைத்தாள்.

திரை எங்கும் போகவில்லை. அந்த வரியிலேயே நின்றது. நாற்பது நொடி கழித்து, 'இல்லை' என்று விடை வந்தது.

மறுபடி பன்னிரண்டு என்று கொடுத்தாள். இருபது நொடி. ஒன்பது என்று கொடுத்தாள். பன்னிரண்டு நொடியில் 'இல்லை'. இல்லாத எண்ணைக் கொடுத்தால் உள்ளே இருப்பது பிழை காட்டி வெளியே வந்து விழும் என்று எண்ணி, தொண்ணூற்றொன்பது என்று கொடுத்தாள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு 'ஆம்', 'இல்லை' ஆகிய இரண்டில் ஒன்றைத் தவிர வேறெதுவும் வரக்கூடாத அந்த இடத்தில், ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ் வாக்கியம் வந்து நின்றது.

'இங்கே இருபத்து நான்குதான்.'

அவள் பலகையிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

"அண்ணா, என் மெஷின் ஆஸ்பத்திரியோட பேசுதா?" என்று கம்பிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"உன் மெஷினா? அதுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. நானே இழுக்காத வயர் எங்கேர்ந்து வரும்?" என்றார். ஐயத்துக்கு இடமின்றி இருக்கட்டும் என்று, கணினியின் பின்னாலிருந்த வலைக் கம்பியையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். "இப்ப கேளு."

அவள் ஒன்பது என்று கொடுத்தாள். பன்னிரண்டு நொடியில் 'இல்லை' வந்தது. கம்பிக்காரர் கையிலிருந்த கம்பியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு பாம்பைக் கீழே விடுவது போலக் கம்பியை மெல்ல மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று முழுவதும் அவர் அந்தப் பக்கம் வரவில்லை.

அவளுக்கும் எழுந்து ஓடிவிடத் தோன்றியது. ஆனால் வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. விடை பயமாக இருந்தது உண்மை. விடைக்கு ஆகும் நேரம் வெறும் எண். எண்ணைக் கண்டு அவள் என்றும் பயந்ததில்லை. இருபத்து நான்கு படுக்கைகளையும் ஒவ்வொன்றையும் ஐந்து முறை கூப்பிட்டு, நொடிகளைக் குறித்துக்கொண்டாள். மொத்தம் நூற்றிருபது முறை. காலையில் பன்னிரண்டு நொடி எடுத்த ஒன்பதாம் படுக்கை, பிற்பகலில் பதினைந்து நொடி எடுத்தது. நான்கு மணிக்குப் பத்தொன்பது. கணினி களைப்படையாது என்பது பாலபாடம். ஆயினும் அவள் குறித்துவைத்த எண்கள் வேறு ஏதோ சொல்லின.

மாலையில் தங்கை சொன்னாள்: "இன்னிக்கு அந்த செருப்பு டாக்டர் ஓயவே இல்லக்கா. அங்க போறாரு, இங்க வர்றாரு, திரும்ப அங்க போறாரு. எவன்டா இந்த மனுஷனப் போட்டு இப்படி விரட்டுறான்னு இருந்துச்சு. சாயங்காலம் என் கால்மாட்டுல நிக்கும்போது மூச்சு வாங்குச்சு, பாவம்."

அவள் தங்கையின் போர்வையில் இல்லாத மடிப்பையெல்லாம் நீவிச் சரிசெய்தாள்.

புதன்கிழமை அவள் கணினியைத் தொடவில்லை. ஒரு தாளில் வார்டின் வரைபடத்தைப் போட்டு, ஒவ்வொரு படுக்கையிலும் அதற்கு ஆன நொடியை எழுதினாள். வாசலருகே ஒன்றாம் படுக்கைக்கு அதிகம். அங்கிருந்து குறைந்துகொண்டே வந்து ஒன்பதில் மிகக் குறைவு. பிறகு மீண்டும் ஏறியது. எதிர்வரிசையிலும் அப்படியே, ஆனால் ஒவ்வொன்றிலும் நான்கு நொடி கூடுதல். கூடத்தைக் குறுக்கே கடந்து போய்வர ஒருவருக்கு நான்கு நொடி ஆகும். இருபத்திரண்டாம் படுக்கை மட்டும் கணக்குக்கு ஒத்துவராமல் மூன்று நொடி குறைந்தது. விசாரித்ததில், செவ்வாயன்று அந்தப் படுக்கையில் ஆளே இல்லை. ஆளில்லாத படுக்கையின் முன்னே நின்று பார்க்க என்ன இருக்கிறது?

கோடுகள் யாவும் ஒன்பதாம் படுக்கைக்குப் பக்கத்துச் சுவரில் வந்து கூடின. அவ்விடத்தில் ஒரு கதவு இருப்பது அவள் நினைவுக்கு வந்தது. விரிப்புகளும் உறைகளும் அடுக்கும் துணி அறை.

வியாழக்கிழமை பிற்பகலில் அவள் தலைமைச் செவிலியிடம் சென்று அந்த அறையைத் திறக்கச் சொன்னாள். அவர் அந்த வார்டில் இருபத்தாறு ஆண்டு பணியாற்றியவர். ஏன் என்று கேட்கவில்லை. வரைபடத்தைப் பார்த்தார்; அதிலிருந்த நொடிகளைப் பார்த்தார்; இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தார்.

"நீங்க கம்ப்யூட்டர் ஆபீஸ்ல இருந்துதான வர்றீங்க? ஒருநாள் யாராவது வருவாங்கன்னு தெரியும். இத்தன வருஷம் ஆகும்னுதான் தெரியாது."

முன்னே இருந்த அடுக்குகளில் வெள்ளைத் துணிகள் கூரைவரை உயர்ந்து நின்றன. அவற்றுக்குப் பின்னே, சுவரோரமாக, ஒரு சிறிய மேசையும் பழைய கணினித் திரையும் நாற்காலியும் இருந்தன. திரை உயிரோடு இருந்தது. மேசையின் மேலும் அடுக்குகளின் பின்புறத்திலும் விரல்கனத்துக்குத் தூசி. ஆனால் நாற்காலியின் இருக்கையில் தூசி இல்லை. நாற்காலியிலிருந்து கதவுவரை தரையில் ஓரடி அகலத்துக்கு ஒரு பாதை, துடைத்து விட்டாற்போலப் பளபளத்தது. விசைப்பலகையில் இரண்டு விசைகளின் எழுத்துகள் மட்டும் தேய்ந்து அழிந்திருந்தன.

திரையின் ஓரத்தில் மஞ்சளேறிய ஒரு துண்டுத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. நீல மையில் எழுத்து. 'இப்போதைக்கு நானே போய்ப் பார்த்துச் சொல்கிறேன். பிறகு எழுத வேண்டும்.' கீழே, பத்தொன்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தேதி.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நிரல் எழுதுபவர்கள் அனைவரும் செய்யும் காரியந்தான் இது. கடினமான ஒரு செயற்கூற்றை எழுத நேரம் இல்லாதபோது, மற்ற வேலை தடைபடாதிருக்க, அதன் இடத்தில் தற்காலிகமாக எதையாவது வைத்துவிட்டு, 'இப்போதைக்கு' என்று குறித்துவிட்டு நகர்வார்கள். அவளே நூறு முறை செய்திருக்கிறாள். இந்த மனிதர் அந்த இடத்தில் தம்மையே வைத்துவிட்டார்.

"இந்த சிஸ்டத்த முதல்ல கொண்டுவந்தவரு அவருதான்," என்றார் செவிலி, குரலைத் தாழ்த்தி. "இங்க உக்காந்திருப்பாரு. ஸ்க்ரீன்ல நம்பர் வரும். எழுந்து போய் அந்த பேஷன்ட் மூஞ்சியப் பார்ப்பாரு. வந்து தட்டுவாரு. டாக்டருங்க சிரிச்சாங்க. அப்புறம் சிரிக்கல. எப்படி சார் கண்டுபிடிக்கிறீங்கன்னு கேட்டா, 'அதத்தான் எழுத வரமாட்டேங்குது சிஸ்டர், அடுத்த வாரம் எழுதிடுறேன்'னுவாரு. ஒருநாள் ஒன்பதாம் பெட்டுக்கிட்ட நின்னு பார்த்துட்டு இருக்கும்போதே விழுந்துட்டாரு. ஊரயே பார்த்தாரு. அவரப் போய்ப் பார்க்க யாரு இருந்தா?"

"அப்புறம்?"

"அடக்கம் முடிஞ்சு ட்யூட்டிக்கு வந்தோம். மணி அடிச்சுது." அவர் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஓடிப்போய்ப் பார்த்தோம். சரியாத்தான் அடிச்சிருந்துது. அதோட அடுக்க இழுத்து மறைச்சுட்டோம். புதுசா வர்ற பொண்ணுங்ககிட்ட சொல்றதில்ல."

செவிலி வெளியே போனார். அவள் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோப்பின் பெயரும் வரி எண்ணும் கிடைத்தால் அல்லவா பட்டியலில் எழுத முடியும்? வேறு தாள் ஏதேனும் மேசையின் இழுப்பறையில் இருக்கக்கூடும் என்று எண்ணி, யோசியாமல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது.

திரையில் ஓர் எண் எழுந்தது. '19?'

அவள் காத்திருந்தாள். விசை அமிழவில்லை. காலடி ஓசை இல்லை. பத்து நொடி, இருபது நொடி. அவளுடைய தோளுக்குப் பின்னால், மிக அருகில், யாரோ வழிவிட்டு ஒதுங்கி நிற்பது போன்ற ஓர் அமைதி நிலவியது. அப்போதுதான் உறைத்தது. நாற்காலியில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

அவள் எழுந்து ஓடினாள்.

தங்கை தலையணையில் சாய்ந்து ஒரு வார இதழைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "என்னக்கா, நாய் துரத்துச்சா?"

கால்மாட்டில் நின்று அவள் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். நாற்பது ஆண்டுகளாகப் பார்த்த முகம். உதட்டில் நிறம் இருந்தது. கண்ணில் குறும்பு இருந்தது. பக்கத்துத் திரையில் எண்கள் ஒழுங்காக ஓடின. ஒன்றும் இல்லை என்று தோன்றியது. தன் கண்ணாணையாக ஒன்றும் இல்லை.

"சும்மாதான். இரு, வந்துடுறேன்," என்று சொல்லிவிட்டு, 'இல்லை' என்பதற்கான விசையைத் தட்டுவதற்காக அவள் துணி அறைக்குத் திரும்பினாள்.

கோணலாக விட்டுச்சென்ற நாற்காலி மேசைக்கு நேராக இழுத்துப் போடப்பட்டிருந்தது. திரையில் அந்த எண்ணுக்கு எதிரே, 'ஆம்'.

வெளியே மணி அடித்தது.

செவிலியர் ஓடும் ஓசையும், திரைச்சீலை இழுபடும் ஓசையும், தலைமைச் செவிலி எண்களைச் சத்தமாகச் சொல்லும் குரலும் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டன. மணி அடித்த இரண்டாவது நிமிடத்தில் தங்கையின் இதயம் தாளம் தப்பியதாகவும், கையில் மருந்தோடு ஆட்கள் நின்றதால் உடனே மீட்டுவிட்டதாகவும் பின்னர் சொன்னார்கள். அரைமணி நேரம் கழித்துத் தங்கை கண்ணைத் திறந்து, "உன் மூஞ்சியப் பார்த்ததும் ஹார்ட்டே நின்னுடுச்சுக்கா," என்றாள். அவள் சிரிக்க முயன்று அழுதாள்.

அவள் 'இல்லை' என்று தட்டியிருப்பாள். அந்த எண்ணம் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது. அந்தச் செயற்கூற்றை அவளாலும் எழுத முடியாது, யாராலும் முடியாது.

அவள் மறுபடி துணி அறைக்குள் நுழைந்தபோது திரையில் புதிதாக ஒரு வரி காத்திருந்தது.

'எழுதியாயிற்றா?'

பத்தொன்பது ஆண்டுகளில் முதன்முறையாக வேறொருவர் வந்து நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். தம்மை விடுவிக்க ஆள் வந்துவிட்டதென்று அவர் எண்ணியதில் தவறு என்ன? செவ்வாய்க்கிழமை நூற்றிருபது முறை அவரை விரட்டியதை அவள் நினைத்துக்கொண்டாள். எழுதியாயிற்று என்று ஒரு சொல் தட்டினால், அந்தத் தேய்ந்த செருப்பு ஓய்ந்துபோகும். பத்தொன்பதாம் படுக்கையின் கால்மாட்டில் பிறகு யாரும் வந்து நிற்கமாட்டார்.

நின்றபடியே அவள் தட்டினாள். 'இன்னும் இல்லை. இப்போதைக்கு நீங்களே பாருங்கள். நான் எழுதிவிடுகிறேன்.'

விடைக்கு வெகுநேரம் ஆயிற்று. தொண்ணூற்றொன்பதுக்கு ஆனதைவிடவும் அதிகம். பிறகு, 'சரி.'

நாற்காலி மெல்லக் கிறீச்சிட்டது.

அன்று மாலையே அவள் புதிய இயந்திரத்துக்குரிய நிரலில் ஒரு கோப்பைத் திறந்து, போய்ப்பார் என்னும் பெயரை எழுதி, அதன் உள்ளே ஒரே ஒரு கட்டளையை வைத்தாள்: விடை வரும்வரை காத்திரு. யாரிடம் கேட்பது, எந்த வழியாகக் கேட்பது என்று ஒன்றும் எழுதவில்லை. அதற்கு மேலே குறிப்பாக, 'இப்போதைக்கு. பிறகு எழுத வேண்டும்.' பட்டியலின் மூன்று கட்டங்களும் நிரம்பின. பொறுப்பாளர் என்ற இடத்தில் பணியில் இருக்கும் ஒருவரின் பெயர்தான் இருக்க வேண்டும் என்பது அலுவலக விதி. அவள் தன் பெயரை எழுதினாள்.

"எங்கதான் இருந்துச்சு?" என்று மேலாளர் கேட்டார்.

"நாலாவது வார்டு துணி ரூம்ல சார்."

"நக்கலா? ஃபைல் பேரு கேட்டேன்மா," என்று சொல்லிப் பட்டியலில் கையெழுத்திட்டார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பழைய இயந்திரம் அணைக்கப்பட்டது. கம்பிக்காரர் அதன் கம்பிகளையெல்லாம் பிடுங்கிச் சுருட்டினார். ஒன்றைக்கூட விடவில்லை என்று அவளிடம் வந்து, கேளாமலேயே சொன்னார். பதினொரு மணிக்குள் புதிய இயந்திரத்தில் இருபத்து நான்கு படுக்கைகளுக்கும் விடை வந்து சேர்ந்தது. ஒன்பதாம் படுக்கைக்குப் பன்னிரண்டு நொடி.

தங்கை ஐந்து வாரம் கழித்து வீடு திரும்பினாள். இடையில் இன்னும் ஒருமுறை அவளுக்காக மணி அடித்தது. அந்த ஐந்து வாரமும் அவள் எழுத முயலாமல் இல்லை. நாள்தோறும் கோப்பைத் திறப்பாள். முகத்தின் நிறம், கண்ணின் அசைவு, மூச்சின் இடைவெளி என்று இருநூறு வரி எழுதுவாள். பழைய நானூறு மணிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள், பாதிக்குமேல் தவறும், அழித்துவிடுவாள். தங்கை வீடு வந்த பிறகு திறப்பது குறைந்தது. அடுத்த வாரம் எழுதிவிடலாம் என்று சொல்லிக்கொண்டாள். அந்தச் சொற்களை வேறு யார் சொன்னார் என்பது நினைவுக்கு வரும்போதெல்லாம் வேறு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

மாதாந்தரப் பரிசோதனைக்காகத் தங்கையை அழைத்துவந்த ஒருநாள், தலைமைச் செவிலி தாழ்வாரத்தில் அவளைக் கண்டு நின்றார்.

"நீங்க சொன்னபடி போட்டாச்சும்மா."

"நான் என்ன சொன்னேன்?"

"புது சிஸ்டத்துல இருந்து சீட்டு வந்துச்சே, உங்க பேரு போட்டு. துணி ரூம்ல இன்னொன்னு வேணும்னு. ஸ்டோர்ல இருந்து எடுத்துப் போட்டோம்."

தங்கையை வாசலில் இருத்திவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள். அடுக்குகளுக்குப் பின்னே மேசை அப்படியே இருந்தது. பழைய நாற்காலி இடப்பக்கமாகச் சற்று நகர்த்தப்பட்டு, வலப்பக்கத்தில் புதிய நாற்காலி ஒன்று போடப்பட்டிருந்தது. அதற்கு அடியில், பாதம் தரையைத் தொடாத ஒருவர் கால் வைத்துக்கொள்வதற்கு ஏற்ற உயரத்தில், ஒரு சிறு மரப்பலகை.

பழைய நாற்காலி பின்னே நகர்ந்தது. செருப்புத் தேயும் ஓசை அவளைக் கடந்து வார்டுக்குள் போயிற்று. பதினாறு நொடி கழித்துத் திரும்பி வந்தது. ஒரு விசை அமிழ்ந்தது. 'இல்லை.' அதன்பின் அறையில் ஒரு சத்தமும் இல்லை. ஒருவர் பொறுமையாகக் காத்திருக்கும்போது இருக்குமே, அந்த அமைதி.

அவள் உட்காரவில்லை. இப்போதைக்கு.